நாலு நட்சத்திரம்

ஐயா, அல்லது அம்மா,
யாராக இருந்தாலும் சரி,
உங்கள் செயலிக்கு நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.
ஏன் ஐந்து இல்லை என்று ஒரு கட்டம் கேட்டது,
இருநூறு எழுத்துக்குள் சொல்லச் சொன்னது.
அதில் அடங்காது.

தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் இருக்கிறது எங்கள் ஜிம்.
உப்புக்காற்று தின்ற பிளேட்டுகள்.
இருபது கிலோ என்று பொறித்தது
மீன் தராசில் பத்தொன்பதரை நிற்கிறது.
அரைக் கிலோவை எழுத உங்களிடம் இடமில்லை.
சின்னக் குறைதான்.

அடுத்தது தமிழ்.
டெட்லிஃப்ட்டை 'இறந்த தூக்குதல்' என்று போட்டிருக்கிறீர்கள்.
பெஞ்ச் பிரஸ், 'இருக்கை அச்சகம்'.
வாசித்துச் சிரித்த நைனா முகம்மது
கம்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிடந்தான்,
இரண்டு பேர் ஓடிப்போய் எடுத்தோம்.

பிறகு ஓட்டக் கணக்கு.
அணைக்க மறந்து ஒரு தடவை போனோடு படகேறிவிட்டேன்.
முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடினேன் என்று
கோப்பை கொடுத்தீர்கள்.
கடல்மேல் நடந்தவர் கதை கோயிலில் கேட்டிருக்கிறேன்,
ஓடியவர் யாருமில்லை.
அதிலிருந்து போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவது.

அப்படி வைத்துவிட்டுப் போன ராத்திரியில்
பிடித்துக்கொண்டு போனார்கள்,
ஐந்து பேரை, படகை, வலையை.
இருபத்தாறு நாள் அக்கரையில்.
படகு இன்னும் அங்கேதான்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு
நீங்கள் மணியடிப்பீர்கள்.
அலமாரியில் அடித்திருக்கிறது.
ஜெனோவா எடுத்திருக்கிறாள்.
முப்பத்தெட்டு வாரத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று
சிவப்பு எழுத்தில் பயமுறுத்தினீர்களாம்.
ஏற்கெனவே வேண்டிய மட்டும் பயம் கிடந்த வீடு.
இது ஒன்றையாவது அறாமல் பார்ப்போம் என்று
உட்கார்ந்திருக்கிறாள்.

'குடம்' என்று புதிதாக ஒரு பயிற்சி சேர்த்தாள்.
பதினைந்து கிலோ, இரண்டு கை, எட்டு நடை.
மறுநாள் பத்து நடை.
'நண்டுக் கூடை', இருபத்திரண்டு கிலோ.
'கலெக்டர் ஆபீஸ் படி', ஏறி இறங்கி நாலு முறை.
'நிற்றல்', மூன்று மணி நேரம்,
எடை பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம் செல்லாது என்று நீங்கள் மறுக்கவும்
ஐம்பத்தெட்டு என்று மாற்றியிருக்கிறாள்.
அது அவள் எடை.
அந்த மாதத்துக்கு முந்தைய எடை.

வந்து திறந்து பார்த்தேன்.
எண்பதில் போய்க்கொண்டிருந்த கோடு
பதினைந்தில் விழுந்து கிடந்தது.
'உங்கள் திறன் குறைந்துள்ளது, ஓய்வு எடுங்கள்.'
கூடவே, 'சந்தேகமான பதிவுகளை நீக்கலாமா?'

அப்படிக் கேட்காதீர்கள்.
இதுதான் என் முதல் கோரிக்கை, கடைசியில் வருகிறது.
ஒரு கணக்கில் இரண்டு ஆள் எழுத வழி வையுங்கள்.
கோட்டுக்கு இரண்டு நிறம்.
அவளிடம் கேட்டேன், மஞ்சள் வேண்டாமாம்.

அங்கே நானும் சும்மா இருக்கவில்லை.
சிமெண்டுத் தரையில் விடிகாலை நாற்பது தண்டால்,
எதிரே படுத்திருந்த கிளமெண்ட் எண்ணுவான்,
சில நாள் முப்பதிலேயே தூங்கிவிடுவான்.
அதைப் பழைய தேதியில் எழுதப் போனால்
'அந்த நாட்கள் ஏற்கெனவே நிரம்பியுள்ளன' என்கிறீர்கள்.
நிரம்பித்தான் இருக்கின்றன.
ஆனாலும் ஒரே நாளில் இரண்டு பேர் நிற்க
கொஞ்சம் நகர்ந்து இடம் விடலாம்.

ஜிம்மில் பெண்களுக்கு நேரம் கிடையாது.
நைனாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்,
அது உங்கள் வேலை இல்லை.

உங்கள் வேலை அந்த மணி.
நான் வீட்டில், அவள் கண்முன்னால்,
சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கும்போதும்
ஐந்தே முக்காலுக்கு அது அடித்தால்
கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு
வாசலைப் பார்க்கிறாள்.
நேரத்தையோ சத்தத்தையோ மாற்ற வேண்டும்.
செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன்,
எங்கே என்று தெரியவில்லை.